பனிமலைச் சாரலில் ஒரு சிறு கல்லூரி

மலை அருகில் இருந்தால் மாணாக்கர் மலையேறுவர் என்றும், ஆறு அருகில் ஓடினால் வள்ளம் விடுவர் என்றும் எண்ணுதல் எவர்க்கும் இயல்பு. ஐக்கிய அமெரிக்காவிலுள்ள டாட்மத் கல்லூரியின் வரலாறோ அவ்வாறு கூறவில்லை. காடும் மலையும் ஆறும் சூழ்ந்த இடத்திலே தோன்றிய அக்கல்லூரி, தோன்றி 140 ஆண்டுகள் சென்ற பின்னரே தன்னைச் சூழ்ந்திருந்தவற்றைக் கண் திறந்து பார்த்தது. பார்க்கச் செய்தவர் கல்லூரித் தலைவருமல்லர், ஆசிரியருமல்லர். மூன்றாம் ஆண்டில் கற்றுக்கொண்டிருந்த மாணவர் ஒருவரே அதனைச் செய்தார்.

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் நியூ ஹாம்ஷயர் என்னும் சிறு மாநிலம் உண்டு. அதன் மேற்கெல்லையாகக் கனெற்றிக்கட் ஆறு தெற்கு நோக்கி ஓடுகின்றது. அவ்வாற்றின் கிழக்குக் கரையிலுள்ள ஹனோவர் என்னும் சிற்றூரே டாட்மத் கல்லூரியின் இருப்பிடம். ஊருக்கு வடக்கே குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக உயர்ந்து சென்று, வெண்மலைகள் என வழங்கும் பெருமலைத் தொடரோடு கலக்கின்றன. கார்த்திகை மார்கழியில் விழத் தொடங்கும் வெண்பனி பங்குனி வரை நிலத்தை மூடிக் கிடக்கும். ஏரிகளும் குளங்களும் கல்லாய் உறையும்.

கல்லூரியின் பிறப்பிலே ஒரு குறை உண்டு. அதனை மறைத்து அதன் கதையைச் சொல்லுதல் நேர்மையாகாது. எலியாசர் வீலொக் என்னும் கிறித்தவ போதகர், அமெரிக்க ஆதிக் குடிகளின் பிள்ளைகளுக்கெனக் கனெற்றிக்கட் குடியேற்றத்தில் ஒரு பாடசாலை நடத்தி வந்தார். அவரிடம் கற்றுத் தேர்ந்த மொஹீகன் குலத்தவராகிய சாம்சன் ஒக்கம் என்பார், 1765-ஆம் ஆண்டின் இறுதியிற் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டிலும் ஸ்கொத்லாந்திலும் ஊரூராகப் பிரசங்கஞ் செய்து, ஏறத்தாழ 12,000 பவுண் நிதி திரட்டினார். அக்காலத்தில் அது பெருந்தொகை. தம் இனத்துப் பிள்ளைகளின் கல்விக்கே அந்நிதி செலவாகும் என்பது ஒக்கத்தின் நம்பிக்கை. 1769 டிசெம்பர் 13-ஆம் நாள் அரச சாசனம் பெற்றுத் தோன்றிய கல்லூரியோ, வெகு விரைவில் ஆங்கிலக் குடியேறிகளின் புதல்வர்க்குரிய கல்லூரியாகிவிட்டது. முதல் 200 ஆண்டுகளில் அங்கே பட்டம் பெற்ற ஆதிக்குடி மாணவர் ஏறத்தாழ 20 பேரே. ஏமாற்றமுற்ற ஒக்கம் வீலொக்குடன் உறவு முறித்துக்கொண்டார். அவர் பெயர் மட்டும் ஹனோவரில் ஒரு குளத்துக்கு இடப்பட்டு வழங்குகின்றது. அக்குளத்தின் கரைக்குப் பின்னர் வருவோம்.

தொடக்க காலத்து மாணவருள் ஒருவர் மட்டும் நூற்றாண்டு கடந்து பேசப்படுகின்றார். அவர் ஜோன் லெட்யார்ட். 1772-இற் சேர்ந்த இவ்விளைஞர், மாரிக்காலத்தில் தோழர் சிலரை அழைத்துக்கொண்டு குன்றேறி, வெண்பனியின்மேல் இராத் தங்கி வந்தார் என்பர். கல்லூரியின் கட்டுப்பாடு அவருக்கு ஒத்துவரவில்லை. மறு ஆண்டிலே ஆற்றங்கரையில் நின்ற பெரிய பைன் மரமொன்றை வெட்டி, 50 அடி நீளமான வள்ளமாகக் குடைந்து, அதிலேறி ஆற்றோடு ஹாட்பர்ட் நகர் வரை தனியே சென்றுவிட்டார். வழியில் நூல் வாசிப்பில் ஆழ்ந்திருந்தமையால் ஒரு பேரருவியில் விழ இருந்து தப்பினார் என்பதும் கதை. பின்னர் கப்டன் குக்கின் மூன்றாவது கடற்பயணத்திற் சேர்ந்து பசிபிக் கடலெங்கும் திரிந்து, 1789-இல் கெய்ரோ நகரில் இறந்தார். கல்லூரி பிற்காலத்தில் அவரைத் தன் பெருமையாகக் கொண்டாடியது. ஆனால் அவர் கல்லூரியை விட்டு ஓடியவர் என்பதை மறத்தலாகாது.

லெட்யார்ட்டுக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, மலை மலையாகவே இருந்தது. மாணவர் மாணவராகவே இருந்தனர். 1801-இல் அங்கே பட்டம் பெற்ற புகழ்மிக்க வழக்கறிஞர் டானியேல் வெப்ஸ்டர், 1818-இல் உயர் நீதிமன்றத்தில் கல்லூரிக்காக வாதாடியபோது அதனைச் சிறு கல்லூரி என்றே அன்போடு குறிப்பிட்டதாக மரபு. அச்சிறு கல்லூரியில் மாரிக்காலம் என்பது பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒரு தண்டனை. அறைக்குள் அடுப்பை மூட்டி, சாளரங்களை இறுகச் சாத்தி, புகைத்தும் சீட்டாடியும் பொழுது போக்குதலே பெரும்பாலோர் வழக்கம். 1892-இல் ரொபர்ட் பிராஸ்ட் என்னும் இளைஞர் அங்கே வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் அமெரிக்காவின் பெருங்கவிஞராக விளங்கியவர் அவரே. அவர் தனியே காட்டில் உலாவப் போவதை உடன்கற்றோர் விசித்திரமாக நோக்கினர் என்று கூறுவர். முதற் பருவம் முடியுமுன்னரே அவர் கல்லூரியை விட்டு நீங்கினார்.

1893-இல் வில்லியம் ஜூவெட் ரக்கர் கல்லூரித் தலைவரானார். அவர் காலத்தில் கல்லூரி வளர்ந்தது. மாணவர் தொகை 1,000-ஐத் தாண்டியது. புதிய மண்டபங்கள் எழுந்தன. உதைபந்தாட்டம் முதலிய போட்டி விளையாட்டுக்களும் சிறந்தன. ஆயினும் அவ்விளையாட்டுக்களில் ஈடுபட்டவர் சிலரே. வேலியைச் சுற்றி நின்று ஆரவாரஞ் செய்தவர் பலர். மாரி தொடங்கியதும் அந்த ஆரவாரமும் அடங்கிவிடும்.

1909-ஆம் ஆண்டு ரக்கர் ஓய்வு பெற, பௌதிகவியற் பேராசிரியராகிய ஏர்னஸ்ட் பொக்ஸ் நிக்கல்ஸ் தலைமைப் பதவியேற்றார். அவ்வாண்டு டிசெம்பர் மாதத்திலே, 'த டாட்மத்' என்னும் மாணவர் பத்திரிகையில் ஒரு கடிதம் வெளிவந்தது. எழுதியவர் பிரெட் ஹாரிஸ். அதே ஆற்றின் கரையில் தெற்கேயுள்ள பிராட்டில்பரோ என்னும் ஊரினர். மாரிக்காலத்தில் டாட்மத்தில் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று பலர் கேட்பதை எடுத்துக்கொண்டு, கல்லூரி அமைந்துள்ள இடத்தின் வாய்ப்புக்களைப் பயன்படுத்தாது விட்டோம் என்று அவர் எழுதினார். அதற்கென ஒரு கழகம் அமைத்தல் வேண்டும். வாரந்தோறும் சிறு பயணமும், பருவத்தில் ஒருமுறை மூசிலோக் மலைக்கு நெடும் பயணமும், ஒரு நாள் வெளிவிளையாட்டு விழாவும் நடத்தலாம் என்பன அவர் கூறிய யோசனைகள். கடிதத்தில் ஆவேசம் எதுவும் இல்லை. ஒரு பட்டியல் போல அமைந்த சாதாரணக் கடிதம் அது. அதனாலேயே அது பலித்தது போலும்.

வெண்பனியைக் காணாத நாட்டவர்க்குச் சில பொருள்களை விளக்குதல் தகும். முழங்காலளவு, சில இடங்களில் இடுப்பளவு கிடக்கும் பனியிலே சாதாரணச் சப்பாத்துடன் நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் கால் புதையும். இதற்கு ஆதிக்குடிகள் கண்டுபிடித்த சாதனம் பனிப்பாதுகை. வளைத்த மரச்சட்டத்துள் தோல்வாரினால் வலைபோலப் பின்னிய அகன்ற பாதுகை அது. உடலின் பாரத்தை அகலப் பரப்பிக் கால் புதையாமற் காக்கும். மற்றது ஸ்கீ எனப்படும் சறுக்குப் பலகை. முன்புறம் மேல்நோக்கி வளைந்த, ஆளுயரத்திலும் நீண்ட, ஒடுங்கிய இரு மரப்பலகைகளைக் காலிற் கட்டிக்கொண்டு பனிமேல் வழுக்கிச் செல்வது. நோர்வே நாட்டிலிருந்து குடியேறியோர் அதனை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தனர். 1909-இல் டாட்மத் மாணவருள் அதனைக் கையாளத் தெரிந்தவர் மிகச் சிலர். ஹாரிஸ் தம் முயற்சியாலேயே கற்றவர். மேலே இழுத்துச் செல்லும் பொறி எதுவும் அன்று இல்லை. ஒரு சரிவில் இரண்டு நிமிடம் சறுக்குவதற்கு ஒரு மணி நேரம் ஏற வேண்டும்.

கழகம் தோன்றியது. டாட்மத் வெளியுலாக் கழகம் என அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம். அமெரிக்கக் கல்லூரிகளில் இவ்வகைக் கழகங்களுள் இதுவே மூத்தது. 1910 பெப்ரவரியிலே முதலாவது வெளிவிளையாட்டு விழா நடந்தது. மறு ஆண்டில் அது மாரிக்கால விழா என விரிந்து, நடனமும் நாடகமும் சேர்ந்த பெருவிழாவாயிற்று. 1913 மார்ச்சு மாதத்தில், அப்போது பட்டம் பெற்றுவிட்ட ஹாரிஸும் தோழர் இருவரும் சறுக்குப் பலகைகளுடன் வாஷிங்டன் மலையில் ஏறினர். உயரம் 6,288 அடியே எனினும், அம்மலையை அற்பமாக எண்ணியோர் பலர் அதிலே மாண்டுள்ளனர். 1934 ஏப்ரில் 12-ஆம் நாள் அதன் உச்சியில் மணிக்கு 231 மைல் வேகத்தில் காற்று வீசியது அளக்கப்பட்டது. பல்லாண்டுகள் உலகிலேயே அளக்கப்பட்ட காற்று வேகங்களுள் அதுவே முதன்மை பெற்றிருந்தது.

கழகத்தின் உண்மையான தொடக்கம் விழாக்களில் இல்லை, குடில்களில் இருந்தது. 1866-ஆம் ஆண்டுப் பழைய மாணவராகிய ஜோன் ஜோன்சன் என்னும் குருவானவர், தமது மலைநாட்டுப் பண்ணையையும் பொருளையும் கழகத்துக்கு வழங்கினார். ஹனோவரிலிருந்து வெண்மலைகள் வரை, ஒரு நாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாக மரக்குடில்கள் அமைப்பது நோக்கம். 1913 அளவில் முதற்குடில் எழுந்தது. ஒவ்வொன்றாக மற்றவையும் எழுந்தன. குடிலென்றால் ஆடம்பரம் எதுவுமில்லை. மரக்கட்டைகளை அடுக்கிய சுவர். நடுவே ஓர் இரும்படுப்பு. சுவரோரம் படுக்கைப் பலகைகள். இரவு தங்குவோர் விறகு வெட்டி எரித்து, போகும்போது அடுத்து வருவோர்க்கும் விறகு வெட்டி வைத்துச் செல்லுதல் வேண்டும்.

குடில்களை இணைக்கப் பாதைகள் வேண்டியிருந்தன. அவற்றை மாணவரே வெட்டினர். காட்டுப்பாதை என்பது ஒருமுறை வெட்டிவிட்டால் நிலைத்திருப்பதன்று. ஓராண்டு கவனியாது விட்டால் புதர் மூடும்; மாரிப்புயலில் மரங்கள் குறுக்கே விழும்; பனி உருகும் காலத்து நீர் மண்ணை அரித்துப் பாதையை ஓடையாக்கும். ஆகவே ஆண்டுதோறும் கோடரியும் வாளும் மண்வெட்டியும் கொண்டு ஒரு கூட்டம் செல்லுதல் வேண்டும். கழகத்தின் நிறங்களாகிய கறுப்பும் செம்மஞ்சளும் மரங்களிற் பூசப்பட்டு வழிகாட்டின. 1921-இல் பெண்டன் மக்காய் என்பவர், கிழக்கமெரிக்க மலைத்தொடர் முழுவதும் ஒரே நடைபாதை அமைக்கலாம் என்று எழுதினார். அப்பலாச்சியப் பாதை எனப்படும் அது 1937-இல் நிறைவெய்தியபோது, டாட்மத் மாணவர் முன்னரே வெட்டியிருந்த பாதைகள் அதன் ஒரு பகுதியாயின. ஏறத்தாழ 2,200 மைல் நீளமான அப்பாதை ஹனோவரின் பெருந்தெரு வழியாகவே செல்கின்றது. அதிலே 50 மைலுக்கு மேற்பட்ட பகுதியைக் காத்துப் பேணும் பொறுப்பு இன்றும் அக்கழகத்தினுடையது. வகுப்பறையில் நேரந்தவறி வரும் மாணவனே காட்டிலே ஒரு பாலத்துக்குப் பொறுப்பாளனாக நிற்பதைக் கண்டால் ஆசிரியர் எவரும் சற்றுச் சிந்திப்பர்.

1920 பெப்ரவரியில் 'நேஷனல் ஜியோகிராபிக்' என்னும் புகழ்பெற்ற சஞ்சிகையில், நியூ ஹாம்ஷயர் குன்றுகளிற் சறுக்கிச் செல்லுதலைப் பற்றி ஹாரிஸ் படங்களுடன் ஒரு கட்டுரை எழுதினார். அதன்பின் கல்லூரிக்கு விண்ணப்பங்கள் பெருகின என்று கல்லூரி வரலாற்றிற் சொல்லப்படுகின்றது. தண்டனையாயிருந்த மாரி, இப்போது இளைஞரை இழுக்கும் கவர்ச்சியாகிவிட்டது! அதே ஆண்டில் ஆற்றுக்குரியதாக லெட்யார்ட் பெயரால் ஒரு வள்ளக் கழகமும் தோன்றியது. வள்ளமேறிக் கனெற்றிக்கட் ஆற்றின் வழியே கடல் வரை செல்வது அதன் வழக்கமாயிற்று. ஓடிப்போன மாணவன் சென்ற வழியிலே கல்லூரியின் அனுமதியோடு செல்லுதல் ஒரு வேடிக்கையான மரியாதைதான்.

1927-இல் மூசிலோக் மலையின் பழைய வண்டிப்பாதையில், மலைமேலிருந்து கீழ்நோக்கிச் சறுக்கும் ஓட்டப்போட்டியைக் கழகம் நடத்தியது. அமெரிக்காவில் இவ்வகைப் போட்டிகளுள் அதுவே முதலாவதென்பர். 1933-இல் தேசியப் போட்டியும் அங்கேயே நடந்தது. 1935-இல் ஹனோவருக்கருகே ஓக் ஹில் என்னுமிடத்தில், சறுக்குவோரைச் சரிவின்மேல் இழுத்துச் செல்லும் கம்பிப் பொறி ஒன்று அமைந்தது. ஒரு மணி நேர ஏற்றம் சில நிமிடமாயிற்று. பலர் வந்தனர், திறமை பெருகியது. ஆயினும் ஏறிக் களைத்து இறங்கும் பயணத்துக்கும், ஏறாமலே பலமுறை இறங்கும் விளையாட்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. கழகத்துக்குள்ளே குடிலையும் பாதையையும் பேணுவோர் ஒரு பிரிவாகவும், போட்டிக்குப் பயிலுவோர் வேறொரு பிரிவாகவும் அமைந்தனர். மாரிக்கால விழாவோ, பொஸ்டன், நியூ யோர்க் நகரங்களிலிருந்து புகைவண்டியில் வரும் விருந்தினருக்கான கேளிக்கையாகப் பெருத்தது. கல்லூரியில் அக்காலத்துப் பெண்களுக்கு இடமில்லை. அவர்கள் விழாவுக்கு விருந்தினராக வருவர்; அவருள் ஒருவர் பனியரசியாகத் தெரிந்தெடுக்கப்படுவார்; ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவர். மலையில் அவர்களுக்குக் கிடைத்த பங்கு அவ்வளவே.

கழகத்தின் இதயமாக விளங்குவது மூசிலோக் மலை. ஹனோவருக்கு வடக்கே, 4,802 அடி உயரத்தில் மரமற்ற உச்சியோடு நிற்கின்றது. உச்சியிலே 1860 முதல் ஒரு விடுதி இருந்தது. 1920-இல் அது கல்லூரிக்கு நன்கொடையாகக் கிடைத்தது. கோடையில் மாணவரே அதனை நடத்தி வழிப்போக்கருக்கு உணவும் படுக்கையும் அளித்தனர். 1942-இல் அது தீக்கிரையாயிற்று. அதற்கு முன்னரே, 1938-இல், மலையின் அடிச்சரிவில் ஒரு பெரிய மரமனை எழுந்தது. மெயின் மாநிலத்துக் காட்டு வழிகாட்டியாயிருந்து கல்லூரிக்கு வந்த ரொஸ் மக்கென்னி அதன் மேத்திரியார். அவர் பட்டதாரியல்லர். கோடரி பிடிப்பதும், வள்ளந் துடுப்பதும், மழையில் நெருப்பு மூட்டுவதும் அவர் கற்பித்த பாடங்கள். கல்லூரியின் பேராசிரியர் பலரினும் அவர் பெயரை மாணவர் நெடுங்காலம் நினைவிற் கொண்டிருந்தனர் என்றால் வியப்பில்லை. அதே ஆண்டு செப்டெம்பர் 21-ஆம் நாள் நியூ இங்கிலாந்துப் பிரதேசத்தைப் பெரும்புயல் தாக்கி, காடுகளைப் பரப்பாக வீழ்த்தியது. வெட்டிய பாதைகளை மறுபடியும் வெட்டித் திறக்க வேண்டியதாயிற்று.

இவ்வரலாற்றில் நம் ஆசியாக் கண்டத்தோடு தொடர்புடைய துயரமான அத்தியாயம் ஒன்றுண்டு. 1936-இல் ஜக் டியூரன்ஸ் என்னும் மாணவர் கல்லூரியில் மலையேற்றக் கழகத்தை நிறுவினார். பாறையேற்றத்தில் அவர் வல்லவர். 1939-இல், உலகின் இரண்டாவது உயர்ந்த சிகரமாகிய கே-2 மீது ஏறப் புறப்பட்ட அமெரிக்கக் குழுவில் ஏறுவோர் அறுவர் இருந்தனர். அவருள் மூவர், டியூரன்ஸும் சப்பல் கிரான்மரும் ஜோர்ஜ் ஷெல்டனும், டாட்மத்தைச் சேர்ந்தவர். காரக்கோரம் மலைத்தொடரில், அன்று பிரித்தானிய இந்தியாவைச் சேர்ந்திருந்த பகுதியில் நிற்கும் அச்சிகரத்தின் உயரம் 28,251 அடி. மூசிலோக்கின் உயரத்தோடு அதனை ஒப்பிட்டாலே நிலைமை விளங்கும்.

கிரான்மர் தொடக்கத்திலேயே கடும் நோயுற்று அடிப்பாசறையிற் கிடந்தார். இரவு முழுதும் அவர் அருகிலிருந்து உயிரைக் காத்தவர் டியூரன்ஸ். பின்னர் டியூரன்ஸும் உயரத்தின் நோயினால் வாடினார். குழுத்தலைவர் பிரிற்ஸ் வீஸ்னரும் பசங் டாவா லாமா என்னும் ஷெர்ப்பாவும் சிகரத்துக்கு எண்ணூறு அடிக்குச் சற்றே கீழ் வரை ஏறித் திரும்பினர். கீழே வந்தபோது, இடைப்பாசறைகளில் இருந்த போர்வைகளும் உணவும் அகற்றப்பட்டிருக்கக் கண்டனர். டட்லி வுல்ஃப் என்னும் உறுப்பினர் மேற்பாசறையிற் தனியே விடப்பட்டார். அவரை மீட்க ஷெர்ப்பாக்கள் சென்றனர். பசங் கிக்குலி என்னும் தலைமை ஷெர்ப்பா அடிப்பாசறையிலிருந்து ஆறாம் பாசறை வரை ஒரே நாளில் ஏறினார். வுல்ஃபைக் கண்டார்கள், ஆனால் அவர் எழுந்து நடக்கும் நிலையில் இல்லை. இடையிற் புயல் வந்து ஒரு நாள் கழிந்தது. ஜூலை 31-ஆம் நாள் பசங் கிக்குலியும் பசங் கிற்றாரும் பின்சூவும் மீண்டும் மேலேறினர். மூவரும் திரும்பவில்லை. வுல்ஃபும் திரும்பவில்லை.

பாசறைகளை வெறுமையாக்கியவர் யார், யாருடைய கட்டளையால் அது நிகழ்ந்தது என்ற வாதம் பல தசாப்தங்கள் நீண்டது. டியூரன்ஸ் மருத்துவராகி, நெடுங்காலம் அதுபற்றி வெளியே பேசாதிருந்தார். எவர் குற்றவாளியென இங்கே தீர்ப்புக் கூறுதல் தேவையில்லை. நியூ ஹாம்ஷயர்க் குன்றுகளில் தோழமையும் துணிவும் கற்றுக்கொள்ளலாம். அவ்வளவு பெரிய மலையில் எப்போது திரும்புவது, யாரை முதலில் இறக்குவது என்பவற்றை அங்கே கற்க முடியாது. இன்னொரு செய்தியையும் மறத்தலாகாது. பிறருக்கு விளையாட்டாயிருந்த மலை, ஷெர்ப்பாக்களுக்குப் பிழைப்பாயிருந்தது. இவ்வேறுபாட்டைப் பழைய மலையேற்ற நூல்கள் பல அதிகம் பேசுவதில்லை. வுல்ஃபின் பெயருக்கு அருகே அம்மூவர் பெயரும் அதே எழுத்தளவில் எழுதப்படல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது, மலையிலும் பனியிலும் போர் புரியப் பயிற்றிய பத்தாம் மலைப் படைப்பிரிவில் டாட்மத்திற் பனிச்சறுக்குப் பயின்ற இளைஞர் பலர் சேர்ந்தனர். விளையாட்டாகக் கற்ற வித்தை இத்தாலியின் மலைகளில் வேறு தேவைக்குப் பயன்பட்டது.

போருக்கு முன்னரே, 1935-இல், கழகம் ஒரு புதிய வழக்கத்தைத் தொடங்கியிருந்தது. கல்லூரிக்குப் புதிதாக வருவோரை, வகுப்புக்கள் தொடங்குமுன் சில நாள் மலைக்கு அழைத்துச் செல்வதே அது. சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, மூத்த மாணவர் வழிகாட்ட, புதியோர் பைகளைச் சுமந்து நடப்பர். பயணம் மூசிலோக் மரமனையில் முடிவுறும். அங்கே இரவு உணவுக்குப் பின் விளக்கைத் தணித்து, அம்மலையில் அலைவதாகச் சொல்லப்படும் டொக்டர் பெண்டன் என்பவரின் பேய்க்கதையை மூத்தவர் கூறுவர். ஆண்டுக்காண்டு அக்கதை நீண்டுகொண்டே வந்தது. நகரத்தில் வளர்ந்து மரம் ஒன்றையும் பெயர் சொல்லி அறியாதவனும், பண்ணையில் வளர்ந்தவனும், செல்வன் மகனும், உதவிப் பணத்தில் வந்தவனும் ஒரே பானையில் வெந்ததை உண்டு ஒரே மழையில் நனைவர். தொடக்கத்திற் சிலரே சென்றனர். பின்னர் புதியோரிற் பெரும்பான்மையோர் செல்லும் வழக்கமாயிற்று. பழைய மரமனை தளர்ந்தபோது, 2017-இல் அவ்விடத்திலேயே புதிய மனை எழுந்தது.

1972-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பெண்கள் மாணவராகச் சேர்க்கப்பட்டனர். பனியரசியைத் தெரிந்தெடுக்கும் வழக்கம் அக்காலத்தோடு ஒழிந்தது. முன்னர் விருந்தினராக வந்தோரின் தங்கையரும் புதல்வியரும் கோடரியெடுத்துப் பாதை வெட்டவும், குழுக்களுக்கு வழிகாட்டவும் தொடங்கினர். நல்வரவு உடனே கிடைத்ததென்று சொல்வதற்கில்லை. 200 ஆண்டு வழக்கம் ஓர் இலையுதிர் காலத்தில் உதிர்ந்துவிடுமா? நீந்தத் தெரியாதவர்க்குப் பட்டமில்லை என்று அக்கல்லூரியில் நெடுங்காலம் நிலவிய ஒரு விதியும் 2022-இல் நீக்கப்பட்டது. பிள்ளைப் பருவத்தில் நீச்சற் குளம் காணும் வாய்ப்பு எல்லோர்க்கும் ஒருபடித்தாய் இருந்ததில்லை. அவ்விதி சில இனத்து மாணவர்மீதே அதிகச் சுமையாய் விழுந்தது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

இனி ஒக்கத்தின் குளத்துக்கு வரலாம். ஹனோவர் ஊரின் வடபுறத்தே, கல்லூரியிலிருந்து சில நிமிட நடைத் தொலைவில் அது உள்ளது. மாரியில் அதன் நீர் உறைந்ததும் மாணவரும் ஊர்ச் சிறுவரும் இரும்புச் சறுக்குச் சப்பாத்தணிந்து அதன்மேல் வட்டமிடுவர். மாரிக்கால விழாவில் துணிந்தவர் சிலர், பனிக்கட்டியிலே வெட்டிய துளையில் குதித்து அலறியபடி கரையேறுவர். குளத்தின் பெயர் யாருடையது என்று அவர்களுள் பலர் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை.

1970-இல் ஜோன் கெமெனி கல்லூரித் தலைவரானபோது, ஆதிக்குடி மாணவரைச் சேர்க்கும் முதல் வாக்குறுதியைக் கல்லூரி மீண்டும் கையேற்றது. அதன்பின் ஆதிக்குடி இளைஞர் நூற்றுக்கணக்கில் வந்து கற்றனர். மூசிலோக் என்னும் பெயரே அவர்தம் முன்னோரின் மொழியினின்று வந்தது. 2022 ஏப்ரிலில், சாம்சன் ஒக்கம் தம் கையால் எழுதிய கடிதங்களையும் நாட்குறிப்புக்களையும் பிரசங்கங்களையும், இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின்னர், டாட்மத் கல்லூரி மொஹீகன் மக்களிடம் திருப்பிக் கொடுத்தது. கல்லூரித் தலைவர் அவற்றுடன் கனெற்றிக்கட்டிலுள்ள மொஹீகன் ஊருக்கே நேரிற் சென்றார். அக்காலத்து ஹனோவரில் வெண்பனி உருகி, குளத்தின் நீர் மறுபடியும் திறந்திருக்கும்.